நேற்று உன்னைத் தேடினோம்

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டிப் போவதில்லை. அதற்குள் உன் ஷிஃப்ட் மணி அடித்துவிடுகிறது. போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓடுகிறாய். அதனால்தான் கடிதம். சிரிக்காதே. எழுதும்போது மட்டும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதவியின் பெயர் வருகைத் துணையாளர். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாமா கேட்டால், கயிறு பிடிக்கிறாள் என்று சொல். பொய் இல்லை. காலை ஏழேகாலுக்கு ஒரு நீளக் கயிற்றோடு தெருமுனையிலிருந்து கிளம்புகிறேன். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழந்தை வந்து தன் முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் முன்னும் பின்னும் காவல். அப்படியே பள்ளிக்கூடம் வரைக்கும் நடை. யார் வரவில்லை என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. காலியாகத் தொங்குகிற முடிச்சு சொல்லிவிடும்.

அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். என்னை உனக்குத் தெரியாதா? முதல் நாள் ஒரு கதவுக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றேன். கதவில் எத்தனை ஆணி என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். கடைசியில் உள்ளே இருந்த சிறுமியே திறந்து, "யாரு வேணும்?" என்றாள். "யாரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் முன்பு பேருந்து நடத்துநராக இருந்தவர். குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. இதைக் கேட்டு அவர் சிரித்ததில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்: "இங்க ஒரே ஒரு சட்டம்தாம்மா. ஏன் வரலைன்னு கேக்காத. கேட்டா பொய்தான் வரும். 'நேத்து உன்னைத் தேடினோம்'னு சொல்லு. சொல்லிட்டு சும்மா நில்லு. சும்மா நிக்கிறது உனக்கு நல்லாவே வருதே."

அப்படியே செய்தேன். அந்தச் சிறுமி உள்ளே போய்ப் பள்ளிப் பாவாடையைக் கொண்டுவந்து காட்டினாள். ஈரம். அவளிடம் இருப்பதே அது ஒன்றுதான். முந்தின நாள் சாயங்காலம் துவைத்தால் காலையில் காய்வதில்லை. மாதத்தில் எட்டு நாள் அவள் வராததற்குக் காரணம் இவ்வளவுதான். இதற்கு ஏதாவது வழி இருந்தால் எழுது. சலவையில் உன்னைவிடப் படித்தவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

உன் பெரியவள் மணிக்கூண்டு எப்படி இருக்கிறாள்? என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் குளிக்கும்போதாவது கழற்றுகிறாளா? எதை எழுதினாலும் மேலே மணியைக் குறித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள் என்றாயே, அந்தப் பழக்கம் போய்விட்டதா? எட்டாம் வகுப்பு வந்துவிட்டாள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. சின்னவள் உருண்டைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன்
நத்தை


ஜூன் 16, திங்கள்

நத்தைக்கு அக்கா எழுதுறது.

நீ எழுதினா புத்தகம் மாதிரி இருக்கு. எனக்கு அதெல்லாம் வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பு கண்டுபிடிக்காத.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய் சாப்பாட்டு நேரத்துல படிச்சுக் காட்டினேன். "யாரும் வேண்டாம்"ங்கிற இடம் வந்ததும் மடிப்பு மேஜைக்காரிக்குப் புரை ஏறிடுச்சு. இப்ப யாராவது வேலையில தப்பு பண்ணி மாட்டிக்கிட்டா "யாரும் வேண்டாம்"னு சொல்லிட்டுத் திரும்பிக்கிறதுதான் இங்க நாகரிகம். உன் பேர் ஆஸ்பத்திரி பூரா பரவிடுச்சு ஆபீசரம்மா.

பாவாடை விஷயம். முதல்ல பிழியறதை நிறுத்தச் சொல்லு. பிழிஞ்சா மடிப்புக்குள்ள தண்ணி நின்னுக்கும். காய்ஞ்ச துண்டு ஒண்ணை விரிச்சு, அது மேல பாவாடையைப் போட்டு, பாய் சுருட்டுற மாதிரி இறுக்கிச் சுருட்டணும். அப்புறம் அது மேல ஏறி நின்னு மிதிக்கணும். தண்ணி பூரா துண்டுக்குப் போயிடும். அதுக்கு மேல காத்துல போட்டா காலையில மொடமொடன்னு இருக்கும். மிதிக்கிற வேலையைப் பிள்ளைங்ககிட்டயே விடு. சொல்லாமலே செய்யுங்க.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க மாமா லாரியோட போயி பதினோரு நாள் ஆச்சு. உருண்டையைப் பாத்துக்கிட்டிருந்த கீழ்வீட்டம்மா பொண்ணு பிரசவத்துக்குன்னு இந்த மாசம் அஞ்சாம் தேதி கிளம்பிட்டாங்க. எப்ப வருவாங்கன்னு தெரியலை. எப்படியோ சமாளிக்கிறோம். பெரியவ நல்லா படிக்கிறா. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

செவ்வாய், காலை 10.40
சித்தி, அம்மா இதைத் தபாலில் போடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உருண்டையைத் தூக்கிக்கொண்டு தபால் பெட்டி வரைக்கும் போகப் போகிறேன். பெட்டியின் வாய்க்குள் கையை விடுவது அவளுக்குப் பிடிக்கும். அவளுக்குப் பன்னிரண்டாவது பல் வந்துவிட்டது. கடித்துக் காட்டினாள்.
மணிக்கூண்டு


ஜூன் 25, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் துண்டு வைத்தியம் ஊரையே மாற்றிவிட்டது. மேற்பார்வையாளர் சமூகக்கூடத்தில் ஒரு மூலையை ஒதுக்கி இருபது துண்டும் இரண்டு இஸ்திரிப் பெட்டியும் வாங்கிப் போட்டுவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் ஈரத் துணியோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். நீ சொன்னது போலவே மிதிப்பதற்குத்தான் அடிதடி. ஈரப் பாவாடைச் சிறுமி அதற்கப்புறம் ஒரு நாள்கூட விடவில்லை. "இதை யாரும்மா கண்டுபிடிச்சது?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். எங்க அக்கா என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

எனக்கும் தைரியம் வந்திருக்கிறது. இப்போது கதவைத் தட்ட மூன்று நிமிஷம்தான் ஆகிறது.

வேறு ஒன்றுமில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை மணிக்கூண்டுக்குப் பள்ளி விடுமுறையா? சும்மாதான் கேட்கிறேன்.

நத்தை


ஜூலை 2, புதன்

நத்தைக்கு,

அன்னிக்கு அவளுக்கு லேசாக் காய்ச்சல். அதான் வீட்டுல இருந்தா. இப்ப சரியாப் போச்சு. இங்க விரிப்பு தேய்க்கிற உருளை ஒண்ணு ரிப்பேர், கையில தேய்க்கிறோம், தோள் கழண்டு போகுது. அதனால நிறைய எழுத முடியலை. உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

வியாழன், காலை 11.15
சித்தி, நானே எல்லாப் புத்தகத்தையும் ஒன்பதாம் பாடம் வரைக்கும் படித்துவிட்டேன். உருண்டை தூங்கும்போது படிக்கிறேன். கணக்கில் மட்டும் ஆறாம் பாடத்தைத் தாண்ட முடியவில்லை. அதை யாராவது சொல்லித்தான் தர வேண்டும் போலிருக்கிறது. உருண்டை இப்போது என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் அக்கா என்று திருத்துகிறேன். கேட்பதில்லை.
மணிக்கூண்டு


ஜூலை 16, புதன்

நேத்து ஷிஃப்ட் முடிஞ்சு ஆஸ்பத்திரி கேட் கிட்ட பஸ்ஸுக்கு நிக்கிறோம். முப்பது பொம்பளைங்க. தோள்ல பை மாட்டிக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு வந்து நிக்கிறா. உன் வயசுதான் இருக்கும். கையில ஒரு தாள். எல்லார் முன்னாடியும் என் பேரைக் கூப்பிட்டு, "உங்க பெரிய பொண்ணு ஏன் இருபத்தெட்டு நாளா ஸ்கூலுக்கு வரலை?"ன்னு கேட்டா.

மடிப்பு மேஜைக்காரி என்னைப் பாக்குறா. அத்தனை பேரும் பாக்குறாங்க. எந்தத் தங்கச்சியோட கடிதத்தை நான் பெருமையா வாசிச்சுக் காட்டினேனோ, அதைக் கேட்ட அதே ஆளுங்க.

இந்த ஊர் ஆபீசுக்கு யார் சொன்னதுன்னு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தத் தாள்ல சின்னப் பிள்ளை பேர் எழுதுற இடத்துல 'உருண்டை'ன்னு இருந்துச்சு. அந்தப் பேரை வச்சது யாரு?

என்கிட்ட கேட்டிருக்கலாமே. ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதுக்கு வாய் வரலை, ஆனா தாள் நிரப்பத் தெரியுது. உன்னைப் படிக்க வச்சது இதுக்குத்தான் போல.

இனிமே எழுதாத.


ஜூலை 20, ஞாயிறு

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

நான்தான் செய்தேன். மணிக்கூண்டு குறித்த இரண்டாவது மணியைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தங்கையைத் தூங்க வைக்கிறாள். நான் அந்த நேரத்தில் இன்னொருத்தர் வீட்டு வாசலில் நின்று இன்னொரு பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உனக்கு நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் "ஏன்" என்றுதான் ஆரம்பித்தது. கிழித்துப் போட்டேன். அலுவலகத்தில் வெளியூருக்கு அனுப்பும் படிவம் ஒன்று இருக்கிறது. மாணவியின் வயது, தாயின் வேலை இடம், ஷிஃப்ட் முடியும் நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கட்டம் என்றால் எனக்குப் பயமில்லை. நிரப்பினேன். வீட்டில் உள்ள சிறு குழந்தையின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. கை தானாக எழுதியிருக்கிறது. நான் ஒளிந்துகொள்ள நினைத்த தாளிலேயே என் கையெழுத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "முன்னூறு கதவு தட்டியிருக்கே. ஒரு கதவுக்கு ஆள் அனுப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். எங்கள் சட்டம் அதுதான். இன்னொன்றையும் இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. நீ எட்டாம் வகுப்போடு நின்றதைப் பற்றி. அம்மா இருந்தவரைக்கும் "பெரியவளுக்குப் படிப்பு ஏறலை" என்றுதான் சொல்வாள். நானும் அப்படியே நம்பி வளர்ந்துவிட்டேன். இந்த வாரம்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த வருஷம் எனக்கு ஒன்றரை வயது. உருண்டையின் வயது.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. நான் கதவு கதவாகச் சொல்வதை உனக்கும் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறேன். அக்கா, உன்னைத் தேடினேன். உன் முடிச்சு காலியாகத் தொங்குகிறது.

நத்தை


ஆகஸ்ட் 4, திங்கள்

நத்தைக்கு,

ரெண்டு வாரமா உன் கடிதத்தைப் பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு நாள் விரிப்போட விரிப்பா உருளைக்குள்ள போகப் பாத்துச்சு, கடைசி நிமிஷத்துல இழுத்தேன். ஒரு ஓரம் கருகிடுச்சு. உன் கையெழுத்து தப்பிச்சிடுச்சு.

படிப்பு ஏறலைன்னு முதல்ல சொன்னது அம்மா இல்லை. நான்தான். அம்மா வேலைக்குப் போகணும், உன்னைப் பாத்துக்க ஆள் இல்லை. அம்மா ஒரு வார்த்தை நில்லுன்னு சொல்லலை. கதவுகிட்ட உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமதான் எனக்குப் படிப்பு ஏறலைம்மான்னு சொன்னேன். அம்மா நம்பலை. நம்பின மாதிரி இருந்துட்டா.

மூணு நாள் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டே வீட்டுல இருந்தேன். டீச்சர் யாராவது வருவாங்க, கூடப் படிக்கிற பொண்ணு யாராவது வருவா, ஏன்டி வரலைன்னு கேப்பாங்கன்னு. வந்தா ஓடிடலாம்னு செருப்பைக்கூட வாசல்லயே வச்சிருந்தேன். நீ யூனிஃபார்ம்ல வாந்தி எடுத்தே. துவைச்சுப் போட்டு மறுபடி அதையே போட்டுக்கிட்டேன். யாரும் வரலை. நாலாம் நாள் மடிச்சு வச்சுட்டேன்.

உன் மேல வருத்தம் இல்லைடி. உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத் தெருத் தெருவா சுத்தினது எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா பெரியவ புத்தகத்தை உருண்டைக்குக் கிடைக்காத உயரத்துல வச்சுட்டு அவளைத் தட்டித் தூங்க வைக்கிறதைப் பாக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்குவேன். ஊர்ப் பிள்ளைங்களைத் தேடிப் போற தங்கச்சிகிட்ட என் பிள்ளை வீட்டுல இருக்கான்னு எந்த வாயால சொல்றது? அதான் காய்ச்சல்னு எழுதினேன்.

அந்தப் பொண்ணு கேட் கிட்ட வந்தாளே, அன்னிக்குக் கோபத்துல தூக்கம் வரலை. ரெண்டு நாள் கழிச்சு துணி மூட்டையைப் பிரிச்சுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு தோணுச்சு. இருபத்திரண்டு வருஷம் லேட்டா வந்தாலும், கேக்குறதுக்கு ஒரு ஆள் வந்துடுச்சேன்னு. உருளை முன்னாடியே நின்னு அழுதேன். சூடு பட்டுடுச்சான்னு எல்லாரும் ஓடி வந்தாங்க.

அப்பதான் மடிப்பு மேஜைக்காரி மெதுவாச் சொல்றா, "என் வீட்டுலயும் பெரியவதான் சின்னதைப் பாத்துக்குறா. அன்னிக்கு அந்தப் பொண்ணு உன் பேரைக் கூப்பிட்டப்ப, அடுத்து என் பேரோன்னு எனக்குக் குலை நடுங்கிடுச்சு." கேட்டுப் பாத்தா என்னையும் சேத்து அஞ்சு பேர். அஞ்சு பேர் வீட்டுலயும் ஸ்கூல் போக வேண்டிய ஒண்ணு, இடுப்புல ஒண்ணு.

சுவத்துல மாட்டியிருக்கிற ஷிஃப்ட் அட்டவணையை நான் பாத்துக்கிட்டே நின்னேன். எங்க அஞ்சு பேருக்கும் வார லீவு வேற வேற நாள். எனக்குத் திங்கள், மடிப்பு மேஜைக்காரிக்குச் செவ்வாய், இப்படியே வெள்ளி வரைக்கும். அஞ்சு வருஷமா அந்தத் தாளைப் பாக்குறேன், அது இதுக்குத்தான் போட்ட மாதிரி இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. லீவுல இருக்கிறவ அஞ்சு பிள்ளையையும் பாத்துக்குறது. உன் ஆபீஸ் பொண்ணு மறுபடி வந்தா. இந்தத் தடவை கேட்டுக்கு இல்லை, வீட்டுக்கு. வாசல்ல நின்னு, "போன தடவை கேட்ட விதம் தப்புக்கா"ன்னா. உள்ள கூப்பிட்டேன். அவளே அலைஞ்சு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு கூடம் வாங்கிக் குடுத்துட்டா. கூடமாட உதவிக்கு ஒரு ஆளும் தினமும் வருது.

போன திங்கள் ஆரம்பிச்சது. இன்னிக்கும் என் முறைதான். இதை எழுதுறப்ப என்னைச் சுத்தி அஞ்சு உருண்டை. ஒண்ணு உன் கடிதத்தோட கருகின ஓரத்தைத் தின்னப் பாக்குது. வாரத்துல எனக்குன்னு இருந்த ஒரு நாளும் போச்சுன்னு உங்க மாமா சொல்றார். போகட்டும்.

மணியை வேணும்னே போட்டியான்னு பெரியவகிட்ட கேட்டேன். "சித்தி வாங்கிக் குடுத்த கடிகாரம்மா, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது"ன்னா. யாரைக் கொண்டு பொறந்திருக்கோ.

எழுதாதன்னு சொன்னேனே, அதை மறந்துடு.

அக்கா


ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் வைத்துப் படித்தேன். அது என் தப்பு. பக்கத்தில் இருந்தவர் எழுந்து தன் ஜன்னல் ஓர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்.

செருப்பை வாசலில் வைத்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து என்னால் நகர முடியவில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற செருப்பு அங்கே இருந்தால் யோசிக்காமல் தட்டிவிடுகிறேன். நிமிஷக் கணக்கெல்லாம் இப்போது இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது. உன் கடிதத்தின் அடியில் மணிக்கூண்டின் எழுத்து இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் பார்த்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் நடந்ததற்கு அவள் என்மேல் கோபமாக இருக்கிறாளா? இருந்தால் நியாயம்தான். மறைக்காமல் எழுது.

நத்தை


ஆகஸ்ட் 17, ஞாயிறு

நத்தைக்கு,

நீயே கேட்டுக்கோ. பேனாவைக் குடு குடுன்னு நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததிலிருந்து பின்னாடியே சுத்துறா. வீட்டுப்பாடம் முடிச்சாத்தான் தருவேன்னு சொல்லியிருந்தேன். வீட்டுப்பாடம்ங்கிற அந்த வார்த்தையைச் சொல்லணும்னே ரெண்டு தடவை சொன்னேன்.

அக்கா

ஞாயிறு, மாலை 5.20
சித்தி, எனக்குக் கோபம் எதுவும் இல்லை. போன கடிதத்தை அம்மாவே தபாலில் போட்டுவிட்டாள். அப்போது நான் வகுப்பில் இருந்தேன். ஆறாம் பாடம் புரிந்துவிட்டது, அவ்வளவு கஷ்டமில்லை. உருண்டை என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். கூடத்தில் யாரைப் பார்த்தாலும் அம்மா என்கிறாளாம். வாரநாட்களில் எனக்கு நேரமே இல்லை. அதனால் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எழுதுவேன். தாமதமானால் தேடாதீர்கள்.
மணிக்கூண்டு